ஆண், பெண், கையில் ஒரு கருவி: கம்பெனி கால மனிதப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தஞ்சாவூர், திருச்சி, மதுரை, வேலூர், சென்னை பக்கத்து ஓவியர்கள் ஆங்கிலேயருக்கு வரைந்து விற்ற சாதாரண மனிதர்களின் படங்களைப் பற்றியது இது. கேட்டவர்களில் ஓவியக் கல்லூரி மாணவர்கள் உண்டு, வரலாறு படிப்பவர்கள் உண்டு. தங்கள் தாத்தா செய்த தொழிலை ஏதோ ஒரு படத்தின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மனம் கலங்கி எழுதியவர்களும் உண்டு.

கம்பெனி ஓவியம் என்று எதைச் சொல்கிறார்கள்?

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள், அவர்களின் குடும்பத்தினர், மிஷனரிகள், ஊர் சுற்ற வந்தவர்கள் ஆகியோருக்காக இந்திய ஓவியர்கள் வரைந்தவை. கோயில்கள், திருவிழாக்கள், செடிகள், பறவைகள் எல்லாம் அதில் அடங்கும். நாம் இங்கே பேசுவது ஒரே ஒரு வகையை. ஒரு தாளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்பார்கள். தொழிலுக்குரிய கருவி கையில் இருக்கும். காலடியில் ஒரு பட்டை மண்ணோ புல்லோ, பின்னால் வெளிறிய வானம். அடியிலோ மேலேயோ மையால் சாதிப் பெயர் அல்லது தொழிற்பெயர் எழுதியிருக்கும். இப்படிப் பல தாள்களைச் சேர்த்து ஆல்பமாகக் கட்டி விற்றார்கள்.

குயவர், நெசவாளர், வண்ணார், நாவிதர், வளையல்காரர், கள் இறக்குபவர், பாம்பாட்டி, சிப்பாய், துபாசி (மொழிபெயர்ப்பாளரும் தரகருமானவர்), கணக்குப்பிள்ளை, பல்லக்குத் தூக்கிகள், கோயில் குருக்கள், தாசி என்று வரிசை நீளும்.

யார் வாங்கினார்கள்? எதற்கு?

தஞ்சை, திருச்சிப் பக்கம் கம்பெனிப் படைகள் தங்கத் தொடங்கிய பிறகு அதிகாரிகளின் கையில் காசும் இருந்தது, ஊருக்கு அனுப்ப ஏதாவது வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கேமரா இல்லாத காலம். தான் வாழும் ஊரில் யார் யார் இருக்கிறார்கள், எப்படி உடுத்துகிறார்கள் என்று லண்டனில் இருக்கும் அம்மாவுக்குக் காட்ட ஆல்பம்தான் வழி. நினைவுப் பொருள் என்பது ஒரு பாதி.

மறு பாதி ஆட்சி சம்பந்தப்பட்டது. 1799-இல் சரபோஜி மன்னருடன் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, தஞ்சைக் கோட்டையையும் அதைச் சுற்றியிருந்த பகுதியையும் தவிர மற்ற நிலம் முழுக்கக் கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போனது. வரி வாங்க வேண்டியவர்களை, படைக்கு ஆள் எடுக்க வேண்டியவர்களை, வீட்டு வேலைக்கு வைக்க வேண்டியவர்களை வகைவகையாகப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை புதிதாக வந்தவர்களுக்கு இருந்தது. ஒவ்வோர் ஆல்பத்தையும் உளவு வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி வாரியாக மனிதர்களை எழுதி வைத்தார்களே, அந்தப் பழக்கத்துக்குக் கண்ணைத் தயார் செய்ததில் இந்தப் படங்களுக்கும் பங்குண்டு என்பது என் உறுதியான கருத்து.

வரைந்தவர்கள் யார்?

பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. கம்பெனிக் காலத்து எழுத்துகளில் ‘மூச்சி’ என்று பொதுவாகக் குறிப்பிடப்பட்டவர்கள். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து தஞ்சையிலும் மதுரையிலும் தங்கிய ராஜு, நாயுடு ஓவியக் குடும்பங்கள் என்று சொல்வது வழக்கம். தங்க ரேக்கு ஒட்டிக் கிருஷ்ணரை வரைந்த அதே மரபுதான். சாமி படத்துக்குப் பழகிய கை, புது வாடிக்கையாளருக்காக மனிதப் படத்துக்கு மாறியது. வாங்குபவர்களின் ரசனைக்கேற்ப அடர்ந்த வண்ணம் மெல்ல நீர்வண்ணமானது, நிழல் விழத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த தாளில் வரைந்தார்கள். அந்தத் தாளின் நீர்க்குறியை (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் ஆலை அடையாளத்தை) வைத்தே இன்று பல ஆல்பங்களின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

பெயர் தெரிந்த சிலரில் வேலூர் எல்லப்பா முக்கியமானவர். 1830-களில் தன்னையே, வேலை செய்துகொண்டிருக்கும் நிலையில் வரைந்திருக்கிறார். மற்றவர்களை வகைப்படுத்தி வரைந்து கொடுத்துப் பிழைத்த ஒருவர் தன்னைப் பெயரோடும் முகத்தோடும் தாளில் நிறுத்தினார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏன் எப்போதும் ஜோடியாக வரைந்தார்கள்?

ஒரே தாளில் ஆண் உடை, பெண் உடை இரண்டையும் காட்டிவிடலாம் என்பது வெளிப்படையான காரணம். வேறொன்றும் உண்டு. பல தொழில்களில் பாதி வேலை பெண்ணுடையது. குயவர் சக்கரம் சுற்றினால் பானையைச் சந்தைக்குச் சுமப்பது மனைவி. மீன் பிடிப்பது அவர், கூடையில் விற்பது அவள். நெசவாளர் வீட்டில் நூல் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் பெண்கள்தான். ஓவியர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் கீழ்த்தட்டுத் தொழிலாளர் படங்களில் பெண்ணின் கை சும்மா இருப்பதில்லை. கூடை, முறம், பானை, குழந்தை என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

மேலே போகப் போகப் பெண்ணின் கை காலியாகும். செல்வர் வீட்டுப் பெண் ஒரு பூவைப் பிடித்திருப்பாள், இல்லையென்றால் சேலை முந்தானையை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஓர் ஆல்பத்தை மேலிருந்து கீழ்வரை வரிசைப்படுத்திவிடலாம்.

(நவராத்திரிக் கொலுவில் செட்டியாரும் செட்டிச்சியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பதும், குறவனும் குறத்தியும் சேர்ந்து நிற்பதும் நம் எல்லோருக்கும் பழகிய காட்சி. எதிலிருந்து எது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஜோடியாக நிறுத்தி ‘இவர்கள் இன்னார்’ என்று காட்டும் பழக்கம் ஆங்கிலேயர் கொண்டு வந்து நம் தலையில் கட்டியது மட்டும் அல்ல என்பதைக் கவனியுங்கள்.)

ஒரு படத்தில் அந்தஸ்தை எங்கே பார்ப்பது?

முகத்தில் தேடாதீர்கள். முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. கால், கை, தலை இந்த மூன்றையும் பாருங்கள்.

காலில் இருந்து தொடங்கலாம். செருப்பு யாருக்கு இருக்கிறது? ஆல்பத்தைப் புரட்டினால் வெறுங்காலே அதிகம். துபாசியின் தாளுக்கு வந்ததும் முனை வளைந்த செருப்பு தென்படும். கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவே பேசிப் பணம் பார்த்தவர் அவர். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளை அங்கி, தோளில் சால்வை, தலைப்பாகை. உடம்பில் தெரிவது முகமும் கையும்தான். எவ்வளவு துணி இருக்கிறதோ அவ்வளவு தூரம் உடலுழைப்பிலிருந்து விலகியிருக்கிறார் என்று அர்த்தம். கோயில் குருக்கள் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பார். வெற்று மார்பு அவருக்கு வறுமையின் அடையாளம் இல்லை. பூணூலும் திருநீறும் மற்றதைச் சொல்லிவிடும்.

அடுத்து கை. கணக்குப்பிள்ளையையும் கள் இறக்குபவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கணக்குப்பிள்ளையின் இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. விரல்கள் மெல்லியவை, கருவி எடையில்லாதது. உடம்பு நேராக நிற்கிறது, ஏனென்றால் அதை இழுக்க எதுவும் இல்லை. கள் இறக்குபவர் படத்தில் இடுப்பைச் சுற்றியே ஒரு பட்டறை இருக்கும். பாளை சீவும் அரிவாள், அதை வைக்கும் பெட்டி, மரமேறுவதற்கான நார், கள் கலயம். அத்தனையும் இடுப்பில்தான் தொங்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும். இதையெல்லாம் சரியாக வரைந்த ஓவியர் அந்த மனிதரை மரத்தின் அடியில் நின்று பார்த்திருக்க வேண்டும், அல்லது அப்படிப் பார்த்த ஒருவரின் படத்தை ஒழுங்காக நகல் எடுத்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு தகவலும் இல்லாத அந்தத் தாளில், இடுப்பில் ஒரு வாழ்க்கை முழுக்க இருக்கிறது.

மூன்றாவது தலை. தலைப்பாகையின் கட்டு, குடுமி, மழித்த நெற்றி, சும்மாடு. சும்மாடு இருந்தால் சுமை உண்டு. சுமை படத்தில் இல்லாவிட்டாலும் அதை இறக்கி வைத்த கழுத்து என்று புரிந்துகொள்ளலாம்.

நகைகளையும் பார்க்க வேண்டும், ஆனால் எச்சரிக்கையோடு. விற்பனைக்கு வரைந்த படம் என்பதால் ஓவியர் கொஞ்சம் கூடுதலாகவே பூட்டியிருப்பார்.

இவை காட்டுவது சாதியையா, வர்க்கத்தையா?

தலைப்பு சாதியைச் சொல்கிறது. படம் பல இடங்களில் வர்க்கத்தைச் சொல்லிவிடுகிறது. சிப்பாய், பட்லர், ஆயா, துபாசி இவையெல்லாம் பிறப்பால் வந்தவை அல்ல, கம்பெனி ஆட்சி உருவாக்கிய வேலைகள். அவர்களையும் குயவர், வண்ணாரோடு ஒரே ஆல்பத்தில் ஒரே அளவில் வைத்தபோது, வேலையும் பிறப்பும் ஒன்றே என்ற தோற்றம் உண்டாகிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. ஒரு சாதிக்கு ஒரு தாள் என்று வைத்தால், அதே சாதிக்குள் இருக்கும் பணக்காரரும் ஏழையும் காணாமல் போகிறார்கள். சொந்தத் தறி நாலு வைத்திருந்தவரும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடனில் நெய்தவரும் ‘நெசவாளர்’ என்ற ஒரே தாளில் அடங்க வேண்டும். தஞ்சை டெல்டாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மண்வெட்டியோடு நிற்கும் ஒருவர் யாருடைய நிலத்தில் நிற்கிறார்? அவர் கூலியாளா, தலைமுறையாக மிராசுதாரிடம் கட்டுண்ட பண்ணையாளா? இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை விலக்கிய சட்டம் வந்தது 1843-இல். அதற்கு முன்னால் வரைந்த எத்தனையோ படங்களில் அடிமையாக இருந்தவர்களும் நின்றிருப்பார்கள். மண்வெட்டி தெரியும், கட்டு தெரியாது.

உடைகளை அப்படியே நம்பலாமா?

துணியின் கட்டு, கொசுவம் வைக்கும் விதம், நகையின் வடிவம் ஆகியவற்றுக்கு இவை நல்ல சான்று. ‘அவர்களுக்குப் பிடித்த உடை இது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் எதை உடுத்தலாம் என்பதை அப்போது வழக்கமும் அரசும் சேர்ந்து தீர்மானித்தன. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிய எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது குமரி மாவட்டத்தில் இன்றும் நினைவில் இருக்கும் வரலாறு. 1859-இல் வந்த மன்னரின் அறிவிப்பு அவர்கள் மேலாடை அணிய அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவது போலவே அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. உடையில் வித்தியாசம் இருக்க வேண்டும், அந்த வித்தியாசம் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அதன் பொருள்.

தோளில் துணி இல்லாமல் நிற்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பார்க்கும்போது, ‘அந்தக் கால வழக்கம்’ என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஒப்பாத காரியம். அந்த வழக்கத்தை மீறியவர்கள் தெருவில் அடிபட்டார்கள்.

ஏழைகள்கூட ஏன் இவ்வளவு சுத்தமாக, தளதளவென்று இருக்கிறார்கள்?

காசு கொடுப்பவருக்கு அழகான ஆல்பம் வேண்டும். அழுக்கும் காயமும் வரவேற்பறை மேசையில் வைக்க உகந்தவை அல்ல. மெல்லிய உடல்கள் வரும், ஆனால் பசித்த உடல்கள் அரிது. வீடு இல்லை, தெரு இல்லை, முதலாளி இல்லை, கூலி வாங்கும் காட்சி இல்லை. பின்னணியை எடுத்துவிட்டாலே பாதி உண்மை போய்விடும். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே உயரம், ஒரே வானம் என்பதால் ஒருவருக்கு மேல் இன்னொருவர் இருக்கிறார் என்பதே தெரியாமல் போகிறது. அந்த மேல்கீழைப் பல ஆல்பங்களில் தாள்களின் வரிசைதான் சொல்கிறது. ஆகவே தனித்தாளை மட்டும் பார்த்துவிட்டுப் பேச வேண்டாம். முதலில் யார், கடைசியில் யார் என்று பாருங்கள்.

மைக்கா ஓவியம் என்கிறார்களே, அது வேறா?

விஷயம் அதேதான், வரைந்த பொருள் வேறு. காக்காப்பொன் தகட்டில் வண்ணம் தீட்டுவார்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும், விலை குறைவு, எளிதில் பொடிந்துவிடும். திருச்சி இதற்குப் பேர்போன ஊர்களில் ஒன்று. வடக்கே முர்ஷிதாபாத்திலும் பாட்னாவிலும் செய்தார்கள்.

மதுரையிலிருந்து 1837-இல் போன ஓர் ஆல்பம் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மொத்தம் 72 படங்கள். டேனியல் பூவர் என்ற அமெரிக்க மிஷனரி இன்னொரு பாதிரியாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. வட்டுக்கோட்டை செமினரியின் முதல் தலைவர் அவர்தான். அங்கிருந்து 1836 வாக்கில் மதுரைக்கு வந்தார். ஆல்பத்தின் தலைப்பில் ‘இந்தியாவின் சாதிகளின் 72 மாதிரிகள்’ என்ற பொருள் வரும். செடிகொடியை அழுத்திக் காயவைத்து ஒட்டுபவர் போட வேண்டிய தலைப்பு. பூவர் கொடியவர் அல்ல, பள்ளிக்கூடம் நடத்தியவர். அப்படிப்பட்டவருக்கே அது இயல்பாகப் பட்டிருக்கிறது.

மைக்கா செட்டுகளில் ஒரு வகை என்னை விடாமல் துரத்துகிறது. ஓர் அட்டையில் முகம் மட்டும் வரைந்திருக்கும். கூடவே பல மைக்கா தகடுகள். அவற்றில் உடையும் கருவியும் மட்டும் இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடம் காலி. ஒவ்வொரு தகடாக அட்டை மேல் வைத்தால் அதே ஆள் ஒரு தொழிலில் இருந்து இன்னொரு தொழிலுக்கு மாறுவார். விளையாட்டுப் பொருளாகத்தான் விற்றார்கள். மற்ற ஆல்பங்களெல்லாம் சொல்லாத உண்மையை அது சொல்லிவிடுகிறது: முகம் ஒன்றுதான், மேலே வைக்கும் தகடுதான் ஆளைத் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டு ஓவியர்கள் யாராவது இங்கே வந்து இப்படி வரைந்தார்களா?

பலர். நான் மதிப்பது ஒருவரை. பால்தசார் சோல்வின்ஸ், ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர், 1791-இல் கல்கத்தா வந்தார். பல்லக்குகளுக்கும் வண்டிகளுக்கும் அலங்கார வேலை செய்து பிழைத்துக்கொண்டே 250 செதுக்கோவியங்கள் (உலோகத் தகட்டில் கீறி அச்சிட்ட படங்கள்) கொண்ட தொகுப்பை 1790-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தார். அவரும் பிராமணர்களில் தொடங்கிச் சாதி அடுக்கில்தான் போகிறார். ஆனால் அவருடைய மனிதர்கள் களைத்திருப்பார்கள், வண்ணம் மங்கியிருக்கும், பின்னால் வேலை நடந்துகொண்டிருக்கும்.

விற்கவில்லை. சில ஆண்டுகளில் லண்டனில் எட்வர்ட் ஆர்ம் என்ற பதிப்பாளர், அனுமதி கேட்காமலே அவற்றில் 60 படங்களை எடுத்து, வண்ணத்தைப் பளிச்சென்று மாற்றி, உடல்களை மெருகேற்றி வெளியிட்டார். அது ஓடியது. சோல்வின்ஸ் பாரிஸுக்குப் போய் 1808 முதல் 1812 வரை 288 படங்களை நான்கு பெரிய தொகுதிகளாக வெளியிட்டுக் கைப்பொருளை இழந்தார். களைத்த மனிதரை வாங்க ஆள் இல்லை, அழகாக்கிய அதே மனிதருக்குச் சந்தை இருந்தது. தஞ்சை ஓவியர்கள் ஏன் எல்லோரையும் தளதளவென்று வரைந்தார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்துப் படங்களில் தனி மனிதர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். 1815-க்குப் பிறகு டெல்லியில் வில்லியம் ஃப்ரேசர் என்ற அதிகாரி உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வரையவைத்த தொகுப்பில் கிராமத்தார், படையில் சேர வந்தவர்கள், கால்நடை வணிகர்கள் எல்லாம் உண்டு. படங்களில் ஆட்களின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு மூக்கு வளைந்திருக்கும், இன்னொருவர் கூச்சத்தோடு நிற்பார். ஃப்ரேசரும் அதே கம்பெனியின் ஆள்தான். ஆனால் அவருடைய ஓவியர்களுக்கு முன்னால் நின்றது ஒரு வகை அல்ல, ஓர் ஆள். அந்த வித்தியாசம் கோட்டிலேயே தெரிகிறது. இந்தத் தொகுப்பு ஸ்காட்லாந்தில் குடும்பத்தின் பழைய தாள்களுக்கிடையே கிடந்து 1979-இல்தான் வெளியே வந்தது.

இதே மனிதர்களை வேறு நோக்கத்தோடு வரைந்தவர்கள்?

நேராக 1943-க்குப் போக வேண்டும். வங்கப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கல்கத்தா தெருக்களில் விழுந்து கிடந்தவர்களை ஜைனுல் ஆபெதின் மலிவான பொட்டலத் தாளில் கறுப்பு மையால் வரைந்தார். ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு காகம், காலிப் பாத்திரம். பின்னணி இல்லை. தஞ்சை ஆல்பத்திலும் பின்னணி இல்லை, இங்கேயும் இல்லை. அங்கே விற்பனைக்காகத் துடைக்கப்பட்டது. இங்கே அவர்களுக்கு என்று எதுவும் மிச்சமில்லாததால் வெறுமை.

சித்தப்ரசாத் அதே ஆண்டு நவம்பரில் மிதினாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போனார். கம்யூனிஸ்ட் கட்சிக்காக எழுதினார், வரைந்தார். படத்தின் ஓரத்தில் ஆளின் பெயர், ஊர், என்ன தொழில் செய்தவர், எதை விற்றார், வீட்டில் யார் இறந்தார் என்று குறித்தார். அந்தப் பயணத்தைச் சிறு நூலாக வெளியிட்டபோது அரசு 5000 பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தில் ஒரு பிரதி தப்பியது.

குயவர், மீனவர், நெசவாளர் என்று கம்பெனி ஆல்பத்தில் நின்ற அதே தொழிலாளர்கள்தான் இவருடைய தாளிலும் இருக்கிறார்கள். கருவி மட்டும் கையில் இல்லை. வலையையும் தறியையும் சோற்றுக்கு விற்றுவிட்டார்கள். கருவியை வைத்து மனிதரை அடையாளம் காட்டிய மரபு அங்கே உடைந்து போகிறது. பெயர் எழுத வேண்டிய கட்டாயம் ஓவியருக்கு வந்ததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன். ஆல்பத்தில் ஒருவர் கைதூக்கிக் காட்டுவதற்குக் கருவி இருந்தது, இவர்களிடம் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை.

புகைப்படம் வந்ததும் இந்தப் படங்கள் நின்றுவிட்டனவா?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேவை குறைந்து ஏறக்குறைய நின்றது. பார்வை நிற்கவில்லை. 1868 முதல் 1875 வரை அரசே எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்களின் புகைப்படங்களை வெளியிட்டது. 1909-இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளை அகர வரிசைப்படுத்தினார். அளவுகோலை வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்த காலம். மூச்சி ஓவியர் எந்தக் காலத்திலும் யாருடைய மண்டையையும் அளக்கவில்லை என்பதை அவர் பக்கம் நின்று சொல்லிக்கொள்கிறேன்.

நான் தெருவில் ஆட்களை ஸ்கெட்ச் செய்யும் மாணவி. ரயில் நிலையத்தில் போர்ட்டர், பூக்காரம்மா, தூய்மைப் பணியாளர் என்றுதான் கை போகிறது. நானும் அதே தப்பைச் செய்கிறேனா?

ஏழைகளை வரைவதில் தப்பில்லை. உட்கார்ந்து வேலை செய்பவர்களும் காத்துக் கிடப்பவர்களும்தான் வெளியில் கிடைப்பார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவரை வரைய முடியாது. ஆனாலும் உங்கள் நோட்டைப் புரட்டி ஒரு கணக்குப் பாருங்கள். வாயில் காவலாளி எத்தனை முறை, அவர் காக்கும் வீட்டுக்காரர் எத்தனை முறை? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண் எத்தனை முறை, அவள் விரித்துப் போடும் சேலையைத் தள்ளிவிடும் கை எத்தனை முறை? ஒரு பக்கத்தையே வரைந்துகொண்டிருந்தால் வறுமை ஒரு காட்சிப் பொருளாகவும் வசதி கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகவும் ஆகிவிடும். கல்யாண மண்டபம், தனியார் மருத்துவமனைக் காத்திருப்பு அறை, பள்ளி வாசல் என்று இரண்டு தரப்பும் ஒரே சட்டகத்தில் வரும் இடங்களுக்குப் போங்கள்.

பூக்காரம்மாவை வரையும்போது கூடையை மட்டும் வரையாதீர்கள். அவர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்? சாக்கா, தலைகீழாகக் கவிழ்த்த பக்கெட்டா, கடைக்காரரின் படிக்கட்டா? படிக்கட்டு என்றால் அதற்கு அவர் யாருக்காவது ஏதாவது தருகிறாரா? பூ தொடுக்கும்போது நார் எந்தக் கால் விரலில் மாட்டியிருக்கிறது? இதெல்லாம் கேட்டால் சொல்வார். கேட்கும்போது பேரையும் கேளுங்கள். படத்தை அவரிடம் காட்டுங்கள். ‘என் மூக்கு இப்படியாம்மா இருக்கு?’ என்பார். அந்தப் பேச்சு அடுத்த கோட்டை மாற்றும். பொதுவில் வெளியிடுவதாக இருந்தால் அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

பெரும்பகுதி லண்டனில், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம், பிரிட்டிஷ் லைப்ரரி மூன்றிலும். இணையத்தில் நிறையத் தாள்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. தஞ்சாவூர் போனால் சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ ப்ரூன் மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. தோற்றத்தைப் பார்த்தே ஆள் இன்னார் என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் எவ்வளவு பழையது என்பது ஒரே பார்வையில் புரியும்.

எங்கள் சாதிப் பெயர் போட்ட படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பகிரலாமா?

இரண்டு விதமாகச் சுற்றுகிறது. ‘பாருங்கள் நம் பெருமையை’ என்று ஒன்று, ‘இவர்கள் அன்றைக்கு இப்படித்தான் இருந்தார்கள்’ என்று இழிவுக்கு இன்னொன்று. இரண்டுமே படத்தின் அடியில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டுச் செய்வது. அந்தச் சொல்லை எழுதியவர் பல நேரம் படத்தை வாங்கியவர் அல்லது அவருடைய குமாஸ்தா. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் தோராயமாக எழுதினார். சில தாள்களில் அந்தப் பெயர்கள் இன்று வசைச் சொற்கள். படம் வேண்டுமென்றால் பகிருங்கள், எங்கே, எப்போது, யாருக்காக வரைந்தது என்ற விவரத்தோடு பகிருங்கள். பெயரே வசையாக இருந்தால் அதை வெட்டிவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள். அந்தப் படத்தில் நிற்பவரின் பேரன் பேத்திகள் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கக்கூடும்.